எஸ்.எஸ்.பி. தேர்வுக்கு எந்த வரிசையில் தயாராவது: முழுமையான வழிகாட்டி

என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி), சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்), ஆஃப்கேட் (விமானப்படைப் பொதுச் சேர்க்கை) ஆகிய எழுத்துத் தேர்வுகளில் தேறியவர்களும், என்.சி.சி. (தேசிய மாணவர் படை) சிறப்பு நுழைவு போல எழுத்துத் தேர்வே இல்லாத வழிகளில் அழைக்கப்பட்டவர்களும், முப்படைகளில் அதிகாரியாகச் சேருவதற்கு எஸ்.எஸ்.பி. (சர்வீசஸ் செலக்ஷன் போர்டு) எனப்படும் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் தேர்வைக் கடந்தாக வேண்டும். என்.டி.ஏ.வில் எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண் என்றால் இதற்கும் 900 மதிப்பெண். ஆனாலும் முதலாவதற்கு ஓராண்டு உழைப்பவர்கள் இரண்டாவதற்கு இரண்டு வாரம்கூட ஒதுக்குவதில்லை.

நான் இத்தேர்வுக்கு இருமுறை சென்றிருக்கிறேன். பின்னர் சில ஆண்டுகளாக இளையவர்கள் பலருடன் அமர்ந்து அவர்களை ஆயத்தப்படுத்தியும் இருக்கிறேன். அவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையில்தான் தவறுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்று மாதம் கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம்; ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் 3, 4, 5 ஆகிய படிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் சுருக்க வேண்டாம்.

1. தேர்வின் அமைப்பைப் புரிந்துகொள்ளுதல்

முதல் நாள் ஸ்க்ரீனிங். அதில் தேறாதவர்கள் அன்றே திருப்பி அனுப்பப்படுவார்கள். இரண்டாம் நாள் உளவியல் தாள்கள். மூன்றாம், நான்காம் நாட்களில் ஜி.டி.ஓ. எனப்படும் குழுப் பணி அதிகாரியின் திடல் பணிகள். இந்த நாட்களுக்கு இடையே ஏதேனும் ஒரு வேளையில் நேர்காணல் நடக்கும். ஐந்தாம் நாள் கான்ஃபரன்ஸ்.

உங்களை மதிப்பிடுபவர்கள் மூவர்: உங்கள் எழுத்தைப் படிக்கும் உளவியலாளர், உங்கள் பேச்சைக் கேட்கும் நேர்காணல் அதிகாரி, திடலில் உங்கள் செயலைப் பார்க்கும் ஜி.டி.ஓ. மனம், மொழி, மெய் என்று நாம் சொல்லும் மூன்றையும் மூவர் தனித்தனியே பார்த்து, கடைசி நாளில் ஒன்றாக வைத்து ஒப்பிடுகிறார்கள். அவர்கள் தேடும் குணங்கள் பதினைந்து. பொறுப்புணர்வு, முன்முயற்சி, விரைந்து முடிவெடுத்தல், ஒத்துழைப்பு, மனவுறுதி போன்றவை அவற்றுள் அடங்கும்.

இந்த அமைப்பை முதலில் புரிந்துகொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கதையில் ஊரையே ஒன்றுதிரட்டும் நாயகனை எழுதிவிட்டு, திடலில் வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு அந்தக் கதையால் ஒரு பயனும் இல்லை. இரண்டும் ஒரே மனிதருடையவையாக இருக்க வேண்டும். அதனால் ஆயத்தத்தை உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து தொடங்குவதே முறை.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

பிறந்த தேதிக்குச் சான்றாகும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பன்னிரண்டாம் வகுப்பு மற்றும் கல்லூரி மதிப்பெண் பட்டியல்கள், அடையாள அட்டை ஆகியவற்றின் அசலும் நகலும் வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டலும் தலைப்பெழுத்தும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு இது மிகப் பெரிய சிக்கல்: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் தந்தை பெயர் முழுமையாகப் பின்னால் இருக்கும். இதைத் திருத்த வாரக்கணக்கில் ஆகும் என்பதால்தான் இந்தப் படியை மேலே வைத்திருக்கிறேன்.

அடுத்தது உடல் பரிசோதனை. தேர்வில் பரிந்துரைக்கப்பட்ட பின்தான் மருத்துவப் பரிசோதனை நடக்கும் என்றாலும், சொத்தைப் பல், காதில் அடைந்த அழுக்கு, கூடுதல் எடை போன்றவற்றை இப்போதே சரிசெய்துகொள்ளலாம். கண் பார்வையையும் நிறம் பிரித்தறியும் திறனையும் ஒரு கண் மருத்துவரிடம் சோதித்து, நீங்கள் விண்ணப்பித்துள்ள பிரிவின் அறிவிப்பில் உள்ள வரம்புடன் ஒப்பிடுங்கள். விமானி பிரிவின் வரம்பு மற்றவற்றைவிடக் கடுமையானது.

3. பி.ஐ.க்யூ. படிவத்தை வீட்டிலேயே நிரப்புதல்

பி.ஐ.க்யூ. என்பது வாரியத்தில் நீங்கள் கையால் நிரப்பித் தரும் தன்விவரப் படிவம். பெற்றோரின் கல்வி, தொழில், வருமானம், உடன்பிறந்தோர், பள்ளி முதல் வாங்கிய மதிப்பெண்கள், விளையாட்டு, பொழுதுபோக்கு, ஏற்ற பொறுப்புகள், முந்தைய முயற்சிகள் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறும். நேர்காணல் அதிகாரி இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களிடம் பேசுவார். இவ்வளவு முக்கியமான தாளைப் பெரும்பாலானோர் முதன்முதலாகப் பார்ப்பது வாரியத்தின் மேசையில்தான் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

மாதிரிப் படிவம் ஒன்றை அச்சிட்டு முதலில் பென்சிலால் நிரப்புங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, அதிலிருந்து கிளம்பக்கூடிய கேள்விகளை எழுதுங்கள். பத்தாம் வகுப்பில் 88 விழுக்காடு, பன்னிரண்டில் 71 என்றால் ஏன் குறைந்தது? கபடி விளையாடுவதாக எழுதினால் எந்த இடத்தில் நின்று ஆடுகிறீர்கள், உங்கள் அணி கடைசியாகத் தோற்ற ஆட்டத்தில் என்ன நடந்தது? தந்தை செய்யும் தொழிலில் இன்றைய சிக்கல் எது? பதில் தெரியாத கேள்விகளுக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் தேடுங்கள். பலர் தம் தந்தையின் வேலையைப் பற்றி அவரிடம் முதன்முறையாகப் பேசியதே இந்தக் கட்டத்தில்தான்.

இங்கே நான் அடிக்கடி காணும் பிழை, உண்மையில் செய்வதை அற்பம் என்று விட்டுவிட்டு, கௌரவமாகத் தோன்றும் ஒன்றை எழுதுவது. ஒரு மாணவர் பொழுதுபோக்கு என்ற இடத்தில் சதுரங்கம் என்று எழுதியிருந்தார். சதுரங்கத்தில் இரண்டாவது கேள்விக்கே அவரிடம் பதில் இல்லை. அன்று காலை என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, மொட்டை மாடியில் இருக்கும் நாற்பது தொட்டிகளுக்கு, பழைய குளுக்கோஸ் குழாய்களைத் துண்டு துண்டாக இணைத்துத் தாமே சொட்டுநீர் அமைத்திருப்பதையும், கடைசி வரிசைக்குத் தண்ணீர் ஏறாததால் வாளியை இரண்டு செங்கல் உயரம் தூக்கி வைத்ததையும் பத்து நிமிடம் தடையின்றிச் சொன்னார். திட்டமிடல், கைக்குக் கிடைத்ததைப் பயன்படுத்தும் அறிவு, விடாமுயற்சி எல்லாம் அந்த மாடியில் இருந்தன. படிவத்தில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை. படிவத்தைத் திருத்தி எழுதினோம்.

கட்டங்கள் காலியாக இருப்பதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். மூன்று மாதம் இருந்தால் இன்று தொடங்கும் ஒரு செயல், தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதோ உள்ளூர் அணியில் சேர்வதோ, அன்றைக்கு உண்மையாகவே எழுதத்தக்கதாக வளர்ந்திருக்கும். செய்யாததை மட்டும் எழுத வேண்டாம்.

4. தன்னைப் பற்றிய குறிப்பை எழுதுதல்

உளவியல் தாள்களின் இறுதியில், பெற்றோர், ஆசிரியர்கள், நண்பர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், நீங்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எப்படி ஆக விரும்புகிறீர்கள் என்பனவற்றை 15 நிமிடங்களில் எழுத வேண்டும். இது முன்கூட்டியே தெரிந்த கேள்வி. ஆகவே யோசிப்பதை வீட்டிலேயே முடித்துவிடலாம்.

அம்மாவிடமும் நெருங்கிய நண்பர்களிடமும் நேராகக் கேளுங்கள். குறை என்ன என்று கேட்டு, சொல்வதை மறுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். “நேர்மையானவன், கடின உழைப்பாளி” என்ற சொற்கள் எல்லார் தாளிலும் இருக்கும். “ரேஷன் கடைக்கும் மின்கட்டணத்துக்கும் என்னையே அனுப்புவார்கள்; ஆனால் சொன்ன நேரத்துக்கு வீடு திரும்புவதில்லை என்று அம்மா குறைப்படுவார்” என்பது உங்கள் தாளில் மட்டுமே இருக்கும். குறையை எழுதினால், அதற்காக இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

இதை உளவியல் பயிற்சிக்கு முன்னால் செய்யச் சொல்வதற்குக் காரணம், உங்களைத் தெரிந்துகொண்ட பின் எழுதும் கதைகளில் வரும் மனிதர்கள் தாமாகவே உங்களைப் போல நடக்கத் தொடங்குவதுதான்.

5. மொழியைச் சரிசெய்தல்

எழுத்தும் பேச்சும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்கள் இதைப் பெரும் தடையாக நினைக்கிறார்கள். இலக்கணத் தூய்மையைவிட, நினைத்ததைத் தடுமாறாமல் சொல்வதே இங்கு தேவை. சிறிய வாக்கியங்கள் போதும்.

தினமும் ஒரு நாளிதழ்ச் செய்தியை உரக்கப் படித்து, தாளை மூடிவிட்டு அதையே ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். செல்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரத்தில் உங்கள் குரலையே கேட்கப் பிடிக்காது. இரண்டாம் வாரத்தில் எங்கே மூச்சு முட்டுகிறது, எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்பது தெரியவரும். தமிழில் யோசித்து மொழிபெயர்ப்பதால்தான் தாமதம் ஏற்படுகிறது. ஆகவே அன்றாட வேலைகளையும், பேருந்துப் பயணத்தையும் மனத்துக்குள் ஆங்கிலத்திலேயே விவரித்துப் பழகுங்கள்.

திடலில் உடன் இருப்பவர்கள் இந்திக்குத் தாவிவிடுவது உண்டு. கோபப்படாமல், ஒதுங்கியும் நிற்காமல், ஆங்கிலத்தில் பேசுமாறு ஒருமுறை தெளிவாகக் கேளுங்கள். பலகையை ஃபட்டா என்றும், உருட்டுக்கட்டையை பல்லி என்றும், கயிற்றை ரஸ்ஸி என்றும் சொல்வார்கள். இவற்றோடு மேலே, கீழே, பிடி, விடு, நில் என்பதற்கான இந்திச் சொற்களையும் தெரிந்துகொண்டால் திடலில் திகைத்து நிற்க மாட்டீர்கள்.

6. ஸ்க்ரீனிங்குக்குப் பயிற்சி

இதில் இரண்டு பகுதிகள். முதலாவது, சொல், எண், வடிவம் ஆகியவற்றைக் கொண்ட நுண்ணறிவுத் தாள்கள். வங்கித் தேர்வு போலத்தான் இருக்கும். நேரம் வைத்துப் பழகினால் போதும்.

இரண்டாவதில், மங்கலான ஒரு படம் 30 நொடி காட்டப்படும். அதில் உள்ளவர்களின் வயது, பால், மனநிலை ஆகியவற்றைக் குறித்துவிட்டு, சுமார் நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். பிறகு குழுவாக அமர்ந்து ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்தில் தம் கதையைச் சொல்லி, கலந்துபேசிப் பொதுக் கதை ஒன்றை உருவாக்க வேண்டும்.

கதைக்கு மூன்று கேள்விகள் போதும்: இதற்கு முன் என்ன நடந்தது, இப்போது என்ன செய்கிறார்கள், முடிவு என்ன? புதியவர்கள் மூன்று நிமிடத்தை முன்கதையிலேயே செலவழித்து, நாயகன் என்ன செய்தான் என்பதை ஒரு வரியில் அவசரமாக முடிக்கிறார்கள். முன்கதைக்கு இரண்டு வரி, செயலுக்குப் பாதிப் பக்கம், முடிவுக்கு இரண்டு வரி என்று பழகுங்கள். படத்தில் இல்லாத வெள்ளத்தையும் தீவிரவாதியையும் இழுத்து வர வேண்டாம்.

குழுப் பேச்சு சந்தைக்கடை போல ஆகிவிடும். அங்கே கத்துவதும் வீண், மௌனமும் வீண். மற்றவர் கதையை உண்மையாகவே கேட்டு, அவர் மார்பில் அணிந்திருக்கும் எண்ணைச் சொல்லி அவர் சொன்ன கருத்தைச் சேர்த்துப் பேசினால், மூன்று முறை பேசினாலும் போதும்.

7. உளவியல் தாள்களுக்குப் பயிற்சி

படக் கதைகள் பன்னிரண்டு. கடைசியில் காட்டப்படுவது வெற்றுத் திரை. படத்தைப் பார்க்க 30 நொடி, எழுத 4 நிமிடம். பின் 60 சொற்கள், ஒவ்வொன்றையும் கண்டதும் தோன்றுவதை எழுத 15 நொடி. அதன்பின் 60 சூழ்நிலைகள், ஒவ்வொன்றிலும் என்ன செய்வீர்கள் என்று எழுத மொத்தம் 30 நிமிடம். இறுதியில் தன்னைப் பற்றிய குறிப்பு. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கை ஓயாமல் எழுத வேண்டும்.

ஆகவே ஒரு நாளுக்கு ஒரு கதை என்று எழுதிப் பழகுவது போதாது. ஏழாவது கதையில் விரல் மரத்துப்போகும், எட்டாவதில் கற்பனை வற்றும்; அங்கேதான் மனப்பாடம் செய்தவர்கள் ஒரே கதையைப் பெயர் மாற்றி எழுதத் தொடங்குகிறார்கள். வாரம் ஒருமுறையாவது முழுத் தொகுதியையும் கோடில்லாத வெள்ளைத் தாளில் ஒரே அமர்வில் எழுதுங்கள். வெற்றுத் திரைக்கு, உங்கள் வாழ்வில் நடந்த ஒன்றையொட்டிய கதையை முன்பே யோசித்து வைத்துக்கொள்ளலாம்.

சொற்களைப் பொறுத்தவரை பழமொழியும் அறிவுரையும் வேண்டாம். தோல்வி என்ற சொல்லுக்குத் தோல்வியே வெற்றியின் முதல் படி என்று எழுதினால், அதில் எழுதியவரைக் காண முடியாது. தோற்ற ஆட்டத்தின் பதிவைப் பார்த்து அணி தன் தடுப்பை மாற்றிக்கொண்டது என்று எழுதினால், நடந்த ஒன்றைக் கண்டவர் எழுதியது என்பது தெரியும். ‘வேண்டும்’, ‘கூடாது’ என்று முடியும் வாக்கியங்களைத் தவிர்த்தாலே பாதிப் பிழை நீங்கும்.

சூழ்நிலைகளில் செயலை முழுமையாக எழுதுங்கள். தேர்வுக்குச் செல்லும் வழியில் நண்பனின் பை ரயிலில் தவறிவிட்டது என்றால், புகார் கொடுத்தான் என்று நிறுத்தாமல், உதவி எண்ணில் பெட்டி எண்ணுடன் புகார் தந்து, அனுமதிச் சீட்டை மீண்டும் அச்சிட்டு, இருவரும் நேரத்துக்குத் தேர்வு எழுதினார்கள் என்பதுவரை தந்திநடையில் எழுதலாம். அறுபதையும் எழுதியே தீர வேண்டும் என்று கடைசி பத்தில் கிறுக்குவதைவிட, நாற்பத்தைந்தை ஒழுங்காக எழுதுவது மேல் என்பது என் கருத்து.

8. உடலைத் தயார்செய்தல்

தனிநபர் தடைகள் பத்து. அவற்றில் 1 முதல் 10 வரை எண் எழுதியிருக்கும். அந்த எண்ணே அதற்கான புள்ளி. நேரம் மூன்று நிமிடம். எல்லாவற்றையும் முடித்தவர்கள் மறுபடியும் தொடங்கலாம். ஆகவே எங்கிருந்து தொடங்கி எந்த வழியாகச் சுற்றுவது என்பதை, அதிகாரி விளக்கும்போதே மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கயிறு ஏறுதல், கயிற்றுப் பாலத்தில் நடத்தல், உயரத்திலிருந்து குதித்தல் ஆகியவற்றுக்குக் கைப்பிடி வலிமையும் முழங்காலை மடக்கி இறங்கும் பழக்கமும் தேவை. வாரத்தில் ஐந்து நாள் ஓட்டம், கம்பியில் தொங்கி உடலை மேலே இழுத்தல், தண்டால் ஆகியவை போதும், 2.4 கிலோமீட்டரை 15 நிமிடத்துக்குள் ஓடினால் ஐந்து நாள் திடல் வேலையைத் தாங்கலாம். கடைசி வாரத்தில் புதிய பயிற்சி எதையும் தொடங்க வேண்டாம். கணுக்கால் சுளுக்குடன் வந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

9. திடல் பணிகள்

குழு விவாதம், குழுத் திட்டமிடல், படிப்படியாகக் கடினமாகும் தடைப் பணி, பாம்புபோன்ற சுமையுடன் குழுத் தடை ஓட்டம், அரைக் குழுப் பணி, சிற்றுரை, தனிநபர் தடைகள், ஒவ்வொருவரும் தலைவராக நின்று சிலரை வழிநடத்தும் கமாண்ட் டாஸ்க், இறுதிக் குழுப் பணி என்று இவை வரும். எல்லாவற்றுக்கும் தனித்தனியே பயிற்சி தேவையில்லை.

தடைப் பணிகளின் விதிகளை மட்டும் பொருள் புரிந்து படித்துக்கொள்ளுங்கள்: சிவப்புப் பகுதியைத் தொடக் கூடாது, நான்கு அடிக்கு மேற்பட்ட இடைவெளியைத் தாண்டக் கூடாது, பாலம் அமைக்க வேண்டும், இரண்டு விறைப்பான பொருள்களை ஒன்றோடொன்று கட்டி நீட்டக் கூடாது. வீட்டில் நான்கு அடி ஸ்கேல் அளவைத் தரையில் சாக்கட்டியால் வரைந்து கண்ணுக்குப் பழக்குங்கள். கோட்டுக்கு முன்னால் நின்று இடைவெளியைக் கண்ணால் அளக்கத் தெரிந்தவரின் யோசனையைக் குழு தானாகவே கேட்கும்.

பலகை ஒரு சாண் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். புதியவர்கள் பலகையை மறுபடி மறுபடி வீசிப் பார்ப்பார்கள். பலகையின் பின்முனையை ஒருவர் மிதித்து நிற்க, மற்றவர் அதன் மேல் நடந்து முன்முனையிலிருந்து கால் நீட்டினால் அந்தச் சாண் தீர்ந்துவிடும். இதை வீட்டில் ஒரு பெஞ்சும் செங்கல்லும் வைத்து, எவ்வளவு தூரம் நீண்டால் பலகை தூக்கும் என்று ஒருமுறை செய்து பார்த்தாலே புரியும். யோசனை தோன்றாத நேரத்திலும் வேலை இருக்கிறது: சுமையைப் பிடிப்பது, முனையை மிதிப்பது, பின்னால் நிற்பவரைக் கைகொடுத்து ஏற்றுவது. பெயர் வாங்குவதற்காக முன்னால் ஓடி, பின்னால் இருப்பவரை மறந்துவிடுவதுதான் இங்கு பெரும் தவறு.

ஒரே நேரத்தில் எழும் பல சிக்கல்களுக்குத் தீர்வு கேட்கும் குழுத் திட்டமிடலில் நேரம், தூரம், ஆள் ஆகிய மூன்றையும் கணக்கிட்டு எழுதுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிக்கு 6 கிலோமீட்டர் செல்ல 9 நிமிடம் என்று எழுதிய திட்டத்தின் மேல்தான் குழு பேச முடியும். உயிருக்கு ஆபத்தானதை முதலில் வையுங்கள்.

சிற்றுரைக்கு நான்கு தலைப்புகள் உள்ள அட்டை தருவார்கள். மூன்று நிமிடம் தயாரிப்பு, மூன்று நிமிடம் பேச்சு. பெரிய தலைப்பை எடுத்துப் பாதியில் நிற்பதைவிட, நன்கு தெரிந்த எளிய தலைப்பை எடுத்து முடித்துக் காட்டுங்கள்.

10. நேர்காணல்

மூன்றாம் படியைச் செய்தவருக்கு இங்கே புதிய பாடம் அதிகம் இல்லை. அதிகாரி பத்துப் பன்னிரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் அடுக்குவார்: ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்கள், பிடித்த ஆசிரியர், பிடிக்காத ஆசிரியர், நண்பர்கள், செலவுக்குப் பணம் எப்படி என்று போகும். குறிப்பெடுக்க முடியாது; கேட்ட வரிசையிலேயே பதில் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவரைக் கேட்கச் சொல்லித் தினமும் ஒரு அடுக்கு பழகுங்கள். ஒன்றை மறந்துவிட்டால், மன்னிக்கவும், அந்தக் கேள்வியை மறுபடி சொல்ல முடியுமா என்று கேட்பதில் இழப்பு எதுவும் இல்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஏன் இராணுவம் என்ற கேள்விக்கு மட்டும் கடன் வாங்கிய பதில் வேண்டாம். அதை ஒரு வாரம் எடுத்து யோசியுங்கள்.

11. பயணமும் கடைசி மூன்று நாட்களும்

கடற்படைக்குக் கோவையிலும், விமானப்படைக்கு மைசூருவிலும், தரைப்படைக்குப் பெங்களூருவிலும் தேர்வு மையங்கள் உண்டு. பிரயாக்ராஜ், போபால், ஜலந்தர் என்று வடக்கேயும் அழைக்கப்படலாம். ஒரு நாள் முன்பே போய்ச் சேரும்படி ரயில் பதிவு செய்யுங்கள். இரண்டு இரவு ரயிலில் உறங்காமல் நேரே ஸ்க்ரீனிங்குக்குச் சென்றால், மங்கலான படம் மேலும் மங்கலாகத் தெரியும். தாம் விண்ணப்பித்த வகை நுழைவுக்கு முதல்முறையாகச் செல்பவர்களுக்குப் பயணப்படி உண்டு என்பதால் பயணச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

வெள்ளை டீ-ஷர்ட், அரைக்கால் சட்டை, ஏற்கெனவே ஓடிப் பழகிய காலணி, இரண்டு முறையான உடைகள், ஒரே வகைப் பேனாக்கள் மூன்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வடக்கில் டிசம்பர், ஜனவரிக் குளிர் நமக்குப் பழக்கமற்றது. கம்பளி உடை அவசியம்.

12. கான்ஃபரன்ஸும் அதற்குப் பின்பும்

ஐந்தாம் நாள் எல்லா அதிகாரிகளும் அமர்ந்திருக்கும் அறைக்கு ஒவ்வொருவராக அழைக்கப்படுவீர்கள். பெரும்பாலும் தங்கல் எப்படி இருந்தது என்பது போன்ற எளிய கேள்விகள்தாம் வரும். சிலரிடம் கூடுதலாகக் கேட்பார்கள். அதற்கு அஞ்ச வேண்டாம், முன்பு சொன்னதையே அதே நேர்மையுடன் சொல்லுங்கள்.

பரிந்துரைக்கப்பட்டவர்கள் மருத்துவப் பரிசோதனைக்காகத் தங்குவார்கள். அங்கே ஏதேனும் குறை சொல்லப்பட்டால், அது எந்தக் குறை, மேல்முறையீட்டுக்கு எங்கே, எந்தத் தேதிக்குள் செல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். விமானி பிரிவுக்கான கணினிவழிச் சோதனை வாழ்நாளில் ஒரே முறைதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேறாதவர்கள் வீடு திரும்பும் ரயிலிலேயே நோட்டைத் திறந்து, என்ன படம் வந்தது, எந்தக் கேள்வியில் தடுமாறினோம், திடலில் எத்தனை முறை யோசனை சொன்னோம், எது ஏற்கப்பட்டது என்பவற்றை எழுதிவிடுங்கள். என் முதல் முயற்சிக்குப் பின் பத்து நாள் கழித்து எழுத உட்கார்ந்தபோது பாதி மறந்துபோயிருந்தது. அந்தப் பக்கங்களைப் பி.ஐ.க்யூ. நோட்டின் பின்னாலேயே ஒட்டி வைத்து, அடுத்த அழைப்பு வந்ததும் மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அந்தப் படிவத்தில் முந்தைய முயற்சிகள் என்ற கட்டத்தையும் இம்முறை நிரப்ப வேண்டியிருக்கும்.